வண்டிக்கு மட்டும் ஒரு சட்டம்

"கடைசியா எப்ப வயிறு நிறையச் சாப்பிட்டீங்க?"

"காலையில சாப்பிட்டேன் டாக்டர்."

"சாப்பிட்டீங்களான்னு கேக்கலம்மா. வயிறு நிறைய எப்பன்னு கேட்டேன்."

அவள் யோசித்தாள். வெகு நேரம் யோசித்தாள். டாக்டரம்மா பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டார்.

"எங்க விளையாட்டுல எடை குறைஞ்சாத்தான் டாக்டர் மேடு ஏற முடியும். எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

"கொஞ்சம் வரைக்கும் அது சரிதான். கூடுதலா இருக்கிற கொழுப்பு கரையற வரைக்கும் வேகம் கூடும். உங்ககிட்ட கூடுதலா எதுவும் இல்லையே! அதுக்கப்புறமும் பட்டினி போட்டா உடம்பு தசையைத் தின்னும். இன்ஜின்ல பாதியைக் கழட்டி வித்துட்டு, வண்டி லேசாயிடுச்சேன்னு சந்தோஷப்படற கதை. மாசாமாசம் வர்றது நின்னு போனது குழந்தையால இல்ல. வருமானம் போதாத வீட்டுல செலவை ஒண்ணொண்ணா நிறுத்துவாங்கல்ல, உங்க உடம்பும் அதைத்தான் செஞ்சிருக்கு. எலும்பும் மெலிஞ்சு போயிருக்கு. விழுந்தா உடையும்."

"நான் அவ்வளவு லேசுல விழ மாட்டேன் டாக்டர்."

"விழவே விழாத சைக்கிள்காரங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க. நான் ஆஸ்பத்திரியைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிடறேன்."

"அப்ப ஓட்டவே கூடாதா?"

"யாரு சொன்னா? நல்லாச் சாப்பிட்டு, உடம்பு திரும்பி வந்ததும் ஓட்டுங்க. இப்போதைக்குப் பந்தயம் மட்டும் கூடாது. வீட்டுக்காரர்கிட்ட நான் பேசட்டுமா?"

"வேண்டாம் டாக்டர். நானே சொல்லிடறேன்."

அவள் சொல்லவில்லை. அந்தப் பேச்சு நடந்தது போன வாரம். பந்தயம் இன்றைக்கு.

அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்ததே சைக்கிள்காரர்கள்தான். மேடு ஏறும்போது மற்றவர்களுக்கு மூச்சு வாங்கும். இவளுக்குப் பேச்சு வரும். "அவகிட்ட தோத்துக்கூடப் போகலாம், பக்கத்துல ஓட்ட முடியாது, காது வலிக்குது" என்பார்கள். அந்த வாய் சில மாதங்களாக மூடிக் கிடந்தது. பேசுவதற்கும் தெம்பு வேண்டுமே!

அவள் வாய் மூடியதற்கு அத்தை கண்டுபிடித்த காரணம் வேறு.

அத்தை என்றால் அவள் மாமியார். வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதியில் சமையல் அவள் கையில். அங்கே யார் எதைத் தொடவில்லை, யார் தட்டில் எது மிச்சம் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண், சொந்த வீட்டுக் குளியலறை அலமாரியையும் பார்த்தது. மருமகளின் மாதாந்தரப் பொட்டலம் பிரிக்காமலே தூசி படிந்து கிடந்தது. தலைசுற்றல் வேறு. சாப்பாட்டைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அத்தைக்கு வேறென்ன தோன்றும்?

மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தங்கைக்குச் சொன்னாள், விடுதிப் பெண்களுக்குச் சொன்னாள், முட்டைக்காரனுக்கும் சொன்னாள். மகனிடம் மட்டும் சொல்லவில்லை. அதைப் பெண்டாட்டி வாயால் கேட்டால்தானே அவனுக்கு இனிக்கும் என்று விட்டுவைத்தாள். பிறகு மருமகளைக் கையைப் பிடித்து டாக்டரிடம் அழைத்துப்போனாள்.

திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அத்தை ஒன்றே ஒன்று கேட்டாள்: "அவன்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன் அத்தை."

எல்லோரிடமும் அதையேதான் சொன்னாள்.

*

இன்று விடிந்ததும் விடியாததுமாக, கணவன் எடை பார்க்கும் கருவியைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தான்.

"ஏறு வாயாடி."

ஏறினாள். முந்தின நாள் மாலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் ஏறினாள். அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது அந்த முகத்தில் வந்த மலர்ச்சி இருக்கிறதே, அதற்காகத்தான் இத்தனை மாதமும் அவள் பட்டினி கிடந்தாள்.

"தக்கை! சுத்தமான தக்கை! காத்தடிச்சாலே மேல போயிடுவே. கயிறு கட்டித்தான் கூட்டிட்டுப் போகணும் போல."

அவள் சிரித்தாள். 'இப்ப சொல்லு, இப்ப சொல்லு' என்று உள்ளே ஒருத்தி இடித்தாள். அவன் அதற்குள் விசிலடித்துக்கொண்டே வண்டியை வேனில் ஏற்றப் போய்விட்டான்.

அவன் சைக்கிள் மெக்கானிக். பந்தயக்காரர்கள் அவனைக் கிராம் என்பார்கள். வண்டியிலிருந்து கிராம் கிராமாக எடையைக் கழற்றுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆணியின் தலையைச் சீவுவான். திருகாணியின் நுனியை அரத்தால் தேய்ப்பான். கைப்பிடியில் சுற்றும் நாடாவை ஒரு சுற்றுக் குறைத்துச் சுற்றுவான். "கிராம் வீட்டுல பல் தேய்க்கிற பிரஷ்ஷைக்கூட பாதியா நறுக்கித்தான் வெச்சிருப்பான்" என்று பின்னால் சிரிப்பார்கள். சிரித்தவர்களே மறுநாள் தங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவன் கடைக்கு வருவார்கள்.

போன மலைப் பந்தயத்தில் அவள் கடைசி வளைவு வரை முன்னால் இருந்து, கடைசியில் கோட்டை விட்டாள். சைக்கிள் கிளப் செயலாளர் முதுகில் தட்டி, "கொஞ்சம் இளைச்சேன்னா உன்னைப் பிடிக்க ஆளே கிடையாதும்மா" என்றார். அன்று இரவு அவனும் அவளும் சேர்ந்துதான் முடிவெடுத்தார்கள். வண்டியில் குறைக்க இனி எதுவும் இல்லை. மிச்சம் இருப்பது ஓட்டுகிறவள்.

இன்றைய பந்தயத்தில் முதல் மூன்று பேருக்குக் ஒரு பெரிய கம்பெனியின் சைக்கிள் அணியில் இடம், கூடவே நிரந்தர வேலை. அதற்காக அவன் தன் பந்தயத்தையெல்லாம் விட்டுவிட்டு, இவள் பின்னால் பம்பைத் தூக்கிக்கொண்டு அலைகிறான். அவனிடம் போய், 'இன்னிக்கு நான் ஓட்டல' என்று எப்படிச் சொல்வது?

வேனில் போகும்போது அவன் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். எந்த வளைவில் எழுந்து மிதிக்க வேண்டும், எந்த இடத்தில் எதிர்க்காற்று வரும், யார் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும். அவள் விரல்கள் ஜில்லிட்டுக் கிடந்தன. வெயில் ஏறியும் குளிர் போகவில்லை.

"என்ன, பேச்சையே காணோம்?"

"ஒண்ணுமில்லங்க."

"மூச்சைச் சேமிக்கிறியா? நல்லது. மேல கோட்டைத் தாண்டினதும் எல்லாத்தையும் சேர்த்துப் பேசு. அப்ப நான் காதைக் கழட்டி உன் கையில குடுத்துடறேன்."

*

மலையடிவாரத்தில் லாரிகள் நிற்கும் மைதானத்தில் கூடாரங்கள் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கி கரகரத்தது. அவன் வண்டியைப் பரிசோதனை மேசைக்குத் தள்ளிக்கொண்டு போனான். அவள் கூடாரத்தின் நிழலில் உட்கார்ந்து பந்தய ஷூவை மாட்டிக்கொண்டிருந்தாள்.

பக்கத்துக் கூடாரத்தில், போன தடவை ஜெயித்தவள் காலை நீட்டி உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தொடை இரண்டும் உரல் மாதிரி. வாயைத் துடைத்துவிட்டு இன்னொரு முட்டையை உரித்தாள். அந்த முட்டை உரிபடுவதை விட்டு வாயாடியால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"பாத்துட்டே இருந்தா வயிறு நிறைஞ்சுடுமா?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். அத்தை. விடுதிச் சமையலை யாரிடமோ தள்ளிவிட்டு, கட்டின சேலையோடு பஸ் ஏறி வந்திருக்கிறாள். கையில் பர்ஸைத் தவிர ஒன்றுமில்லை.

"அத்தை! நீங்க எப்படி..."

"சாப்பாடு கொண்டு வரல. கொண்டுவந்து கொண்டுவந்து திரும்பத் தூக்கிட்டுப் போறது எனக்கு அலுத்துப் போச்சு. சொன்னியா அவன்கிட்ட?"

வாயாடி குனிந்துகொண்டாள்.

"சொல்லல. எனக்குத் தெரியும். அதனாலதான் வந்தேன்."

"அத்தை, இன்னிக்கு ஒரு நாள். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஓட்டிடறேன். அப்புறம் நீங்க சொல்றதைக் கேக்கறேன்."

"இன்னிக்கு ஒரு நாள், இன்னிக்கு ஒரு நாள்னு சொல்லிச் சொல்லித்தான் எங்கண்ணன் குடிச்சே செத்தான். தினமும் அவனுக்கு அன்னிக்கு ஒரு நாள்தான்."

"அவரு மூஞ்சி விழுந்துடும் அத்தை. நீங்க பாத்ததில்ல, காலையில எவ்வளவு சந்தோஷமா..."

"அவன் மூஞ்சி விழுந்தா தூக்கி ஒட்டிக்கலாம். நீ விழுந்தா?" அத்தையின் குரல் உயர்ந்தது. முட்டை உரித்தவள் திரும்பிப் பார்த்தாள். "ஊர்ல உள்ள பொண்ணுங்களுக்கெல்லாம் மூணு வேளையும் ஆக்கிக் கொட்டறேன். 'ஆன்ட்டி இன்னும் கொஞ்சம்'னு தட்டை நீட்டுதுங்க. என் வீட்டுப் பொண்ணு பட்டினி கிடக்கறா. எனக்கு எப்படி இருக்கும்? சொல்லு, எப்படி இருக்கும்?"

"உங்களுக்குக் கோபம் அத்தை. நான் முழுகாம இருக்கேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டீங்க. இப்ப இல்லைன்னு ஆயிடுச்சு. அதான்."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. அத்தையின் முகம் ஒரு கணம் சுண்டிப்போனது. பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள். சமையற்கட்டுக் கைகளால் வாயாடியின் ஒல்லி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது.

"ஆமாடி. அசிங்கமாத்தான் இருந்துச்சு. முட்டைக்காரன் தினம் விசாரிக்கிறான். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. எனக்குப் பேரப்புள்ளை வேணாம். வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். நீ வேணும். வீட்டுல ஒருத்தி இருந்தா, வாய் ஓயாம பேசிட்டு, என் கழுத்தை அறுத்துட்டு. அவளைக் கொண்டா. அவ எங்க போனா?"

வாயாடி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்போதுதான் பரிசோதனை மேசைப் பக்கமிருந்து அந்தக் கூச்சல் வந்தது.

*

வண்டி கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. பரிசோதகர் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டு, "குறையுது" என்றார்.

"குறையாது சார். நேத்து நான்தான் எடை போட்டேன்" என்றான் கிராம்.

"மீட்டரோட போட்டிருப்பே. கைப்பிடியில மாட்டற மீட்டர், தண்ணி பாட்டில் எல்லாம் கழட்டிட்டுத்தான் நிறுக்கணும்னு உனக்குத் தெரியாதா? நீயெல்லாம் பழைய ஆளு!"

அவன் முகம் வெளுத்தது. தெரியும். தெரிந்துதான் இருந்தது. இன்னும் ஒரு கிராம், இன்னும் ஒரு கிராம் என்று குறைத்துக்கொண்டே போன ஆவேசத்தில் மீட்டரைக் கழற்ற மறந்து நிறுத்திருக்கிறான். சட்டத்தின் விளிம்பில் நிற்கிறோம் என்று நினைத்தவன், விளிம்பைத் தாண்டிவிட்டிருக்கிறான்.

"சார், கொஞ்சம்தானே சார்..."

"கொஞ்சமோ நஞ்சமோ, இந்த எடைக்குக் கீழே இருந்தா வண்டி கோட்டுல நிக்காது. சரி பண்ணிக் கொண்டு வா. பெண்கள் பந்தயம் கூப்பிடறதுக்குள்ள வரணும்."

வண்டியைக் கீழே இறக்கினான். இருக்கைத் தண்டை உருவினான். கருவிப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி, ஒரு பழைய சங்கிலித் துண்டைத் தேடி எடுத்துத் துணியில் சுற்றி, தண்டு இருந்த குழாய்க்குள் அசையாமல் நிற்கும்படி திணிக்க ஆரம்பித்தான். கை நடுங்கியது. சங்கிலி உள்ளே போகாமல் முரண்டு பிடித்தது.

"அய்யோ பாவம், இளைச்சுப் போச்சா?" பக்கத்துக் கூடாரத்து மெக்கானிக் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான். "ஊட்டி விடு கிராம் அண்ணே! நல்லா மசிச்சு ஊட்டி விடு! வளர்ற வண்டி!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். குழாயின் வாயைப் பிடித்துக்கொண்டு, "உள்ள போடா, போடா கண்ணு" என்று சங்கிலியைக் கெஞ்சினான்.

கூட்டத்துக்குப் பின்னால் நின்று வாயாடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகப் பரிசோதகரிடம் போனாள்.

"சார், வண்டி இவ்வளவுக்குக் கீழே போகக் கூடாதுன்னு எதுக்குச் சட்டம்?"

"பாதுகாப்புக்கும்மா. எடையைக் குறைக்கிறேன்னு கண்டதையும் சுரண்டிடறாங்க. ஓடும்போது முறிஞ்சு போகும். உயிர் போற விஷயம்."

"ஓட்டறவங்க?"

"ஓட்டறவங்களுக்கு என்ன?"

"ஓட்டறவங்க எவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது?"

பரிசோதகர் இது ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். "நல்லாக் கேட்டே! அதுக்கெல்லாம் எங்கம்மா சட்டம்? அது உங்க இஷ்டம், உங்க வீட்டுக்காரர் இஷ்டம்."

"ஓ" என்றாள் அவள். "வண்டிக்கு மட்டும்தானா!"

கிராம் நிமிர்ந்து பார்த்தான். "வாயாடி, நீ போய் உடம்பைச் சூடாக்கு. ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடறேன்."

"எழுந்திரு."

"என்ன?"

"எழுந்திருன்னேன். வேனுக்குப் பின்னால வா."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். கேலி செய்யும்போதும் 'கிராம் சார், நீங்க' என்றுதான் வரும். சங்கிலித் துண்டு அவன் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

*

வேனுக்குப் பின்னால் வெயில் கொதித்தது. அத்தை கொஞ்சம் தள்ளி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, யாரும் அந்தப் பக்கம் வராதபடி காவல்காரி மாதிரி நின்றாள்.

"அம்மா எதுக்கு இங்க வந்திருக்காங்க? என்ன நடக்குது?"

"எனக்கு மாசாமாசம் வர்றது நின்னு போய் எவ்வளவு நாளாச்சுன்னு தெரியுமா உனக்கு?"

அவன் விழித்தான். கண்களில் பயமும் ஆசையுமாக ஒன்று மின்னியது. "நீ... அப்படின்னா..."

"அதேதான்! உங்கம்மாவும் அதேதான் நினைச்சாங்க. குழந்தை இல்ல. ஒண்ணுமில்ல. சாப்பாடு இல்லாம உடம்பு கடையை மூடிடுச்சு. டாக்டர் சொன்னாங்க. எலும்பு மெலிஞ்சிருக்கு, விழுந்தா உடையும், பந்தயம் ஓட்டாதேன்னு சொன்னாங்க."

"எப்ப சொன்னாங்க?"

"போன வாரம்."

"போன வாரமா!" அவனுக்கும் கோபம் பற்றிக்கொண்டது. "போன வாரம் தெரிஞ்சதை இப்பச் சொல்றியா? வண்டியை வரிசையில நிறுத்தப் போற நேரத்துல? ஒரு வாரமா நான் பைத்தியக்காரன் மாதிரி வளைவு வளைவா மனப்பாடம் பண்ணிட்டிருந்தேனே, அப்ப சொல்றதுக்கென்ன?"

"எப்படிச் சொல்லுவேன்? தினம் காலையில எடை மெஷினைக் கொண்டுவந்து வெச்சு ஏறுங்கறே. முள்ளு கொஞ்சம் கீழே போனா உன் மூஞ்சியில லைட் எரியுது. போகலைன்னா, 'பரவாயில்ல, பரவாயில்ல'ன்னு சொல்றே. அந்தப் பரவாயில்லையைக் கேக்கறதுக்கு நாலு அறை வாங்கிக்கலாம்!"

"நான் உன்னைச் சாப்பிடாதேன்னு சொன்னேனா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருக்கேனா? இது நாம ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு. உன் ஆசையும்தானே?"

"என் ஆசையும்தான்! இல்லைன்னு சொல்லல. நீ தக்கைன்னு சொல்லும்போது எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? பறக்கற மாதிரி இருக்கும். இன்னும் ஒரு வாய் குறைச்சுக்கலாம்னு தோணும். தலை வாரினா கொத்துக் கொத்தா முடி வருது, அதையும் பாத்து 'எடை குறையுது'ன்னு ஒரு நாள் நானே சிரிச்சேன். பைத்தியம் எனக்கும்தான். ஆனா நீ பாத்திருக்கணும். வண்டியில ஒரு மயிரிழை விரிசல் வந்தா தட்டிப் பாத்துச் சத்தத்துலயே கண்டுபிடிச்சிடுவே. ராத்திரி என் பக்கத்துல தானே படுக்கறே? உனக்கு எதுவும் கேக்கலையா?"

அவன் கையிலிருந்த கிரீஸைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"இப்ப அங்க உக்காந்து சங்கிலியை ஊட்டி விடறே. கண்ணுங்கறே, போடாங்கறே. வண்டி லேசானா ஆபத்துன்னு ஒருத்தன் சொன்னதும் கை நடுங்குது உனக்கு. எனக்குச் சட்டம் போட யாருமில்ல. அதனால நான் எவ்வளவு வேணாலும் குறையலாம், இல்ல?"

"கத்தாதே. எல்லாரும் கேக்கறாங்க."

"கேக்கட்டும்! எனக்கு வாயாடின்னுதானே பேரு!"

ஒலிபெருக்கி கரகரத்தது. பெண்கள் பிரிவில் ஓட்டுபவர்கள் அனைவரும் வரிசைக்கு வரவும். அவன் தலை தன்னையறியாமல் அந்தப் பக்கம் திரும்பியது. திரும்பிய தலையை அவள் பார்த்தாள். அத்தையும் பார்த்தாள்.

"இத பாரு..." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நாளைக்கே டாக்டர்கிட்ட போவோம். நானும் வர்றேன். என்ன சொல்றாங்களோ செய்வோம். இன்னிக்கு மட்டும்... இவ்வளவு தூரம் வந்தாச்சு... மெதுவா, இறக்கத்துல ஜாக்கிரதையா..."

அவன் முடிக்கவில்லை. அத்தை வந்த வேகத்தில் அவன் தோளில் விழுந்த அடி, மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்டிருக்கும்.

"இன்னிக்கு மட்டுமா? நீயும் அதையே சொல்றியா? உங்க மாமன் செத்தும் இந்த வீட்டை விட்டுப் போகல போல!" அத்தைக்கு மூச்சு இரைத்தது. "உன்னைச் சொல்லி என்னடா? என்னைச் சொல்லணும். நல்ல புள்ளையா வளர்த்திருக்கேன்னு பெருமை பேசிட்டிருந்தேன். இரும்புக்கு இருக்கிற மரியாதை பொண்டாட்டிக்கு இல்லாத புள்ளை!"

"அம்மா, சும்மா இரும்மா! உனக்கு என்ன தெரியும்? நான் அவளுக்காக என்னவெல்லாம்..." அவன் குரல் உடைந்தது. கோபமா அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை. "நான் கல்லா? நானும் நிம்மதியாவா சாப்பிட்டேன்? அவ முன்னால சாப்பிட்டா அவளுக்கு ஆசை வரும், கஷ்டமா இருக்கும்னு, இத்தனை மாசமா வீட்டுல ஒரு வாய் சாப்பிடல. தட்டைத் தூக்கிட்டுக் கடைக்குப் போய், சக்கரத்துக்கு நடுவுல நின்னுட்டுத் தின்னேன். கிரீஸ் நாத்தத்துல. யாருக்காக? அவளுக்காகத்தானே?"

வாயாடி பின்னால் நகர்ந்து வேனின் தகரத்தில் சாய்ந்துகொண்டாள்.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"தெரியாம? தினமும் பாத்தேன். உங்கம்மா விடுதியில இருப்பாங்க. நீ தட்டைத் துணி போட்டு மூடிட்டு, திருடன் மாதிரி பின்வாசல் வழியாப் போவே. நான் ஜன்னல்ல நிப்பேன். நீ திரும்பி வரும்போது வாயைக் கழுவிட்டு வருவே, வாசனை தெரியக் கூடாதுன்னு. நீ எனக்காகத்தான் செய்யறேன்னும் தெரியும். ஆனா எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? தொத்துநோய்க்காரியைத் தனியா வெச்ச மாதிரி. சாப்பாடுங்கறது வீட்டுல நடக்கற வேற ஏதோ தப்புக் காரியம் மாதிரி."

"நான் அப்படி நினைக்கல..."

"நீ நினைக்கலைன்னு தெரியும். அதனாலதான் உன்கிட்டக் கத்தறதுக்கு எனக்கு இத்தனை மாசம் ஆச்சு."

ஒலிபெருக்கி இம்முறை எண்களை வாசித்தது. அவள் முதுகில் குத்தியிருந்த எண்ணும் வந்தது. ஒரு முறை. இன்னொரு முறை. பரிசோதனை மேசைப் பக்கமிருந்து யாரோ, "கிராம் அண்ணே! வண்டி ரெடியா இல்லையா?" என்று கத்தினார்கள்.

அவன் அசையவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தி, பந்தயச் சட்டை தோளிலிருந்து தொளதொளவென்று தொங்க, வெயிலில் நின்றும் நடுங்குகிற பெண்ணை. எத்தனையோ நாள் பார்த்த உருவம்தான். இன்றைக்குத்தான் அவனுக்குப் பயம் வந்தது.

"இப்ப நான் என்ன செய்யணும்?" என்றான். குரல் கம்மியிருந்தது. "சொல்லு. வண்டியை உடைக்கணுமா? உடைக்கிறேன். அந்த எடை மெஷினைத் தூக்கிக் குப்பையில போடணுமா? போடறேன். கால்ல விழணுமா?"

"அதெல்லாம் வேணாம்."

"வேறென்ன வேணும்? எதையோ கேக்கணும்னு நிக்கறே. முகத்துலயே தெரியுது."

அத்தை ஏதோ சொல்ல வந்தாள். வாயாடி கையைக் காட்டித் தடுத்தாள். கேட்க நினைத்ததைப் பல ராத்திரிகள் தலையணைக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஜன்னலில் நின்று அவன் முதுகைப் பார்த்துச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். எடை மெஷினில் நின்றுகொண்டு, குனிந்திருக்கும் அவன் உச்சந்தலையைப் பார்த்துச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் இவ்வளவு சின்ன விஷயத்தைப் போய் எப்படிக் கேட்பது என்று வெட்கம் வந்து தடுத்துவிடும்.

இன்றைக்கு வெட்கப்படக்கூடத் தெம்பில்லை.

"என் எதிர்ல உக்காந்து சாப்பிடு" என்றாள். "எனக்கும் ஒரு தட்டு வெச்சு, நான் முடிக்கிற வரைக்கும் எழுந்து போகாம, என்கூட உக்காந்து சாப்பிடு."